அப்பா பிடித்த கட்லா

கொரோனாவில் எல்.கே.ஜி.யை மொபைலில் படித்தவர்கள் நாம். இப்போது நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் முட்டிவலியில் ஆரம்பித்து பேரப்பிள்ளைகளில் முடிகிறது பேச்சு. நடுவில் யாராவது "நம்ம சின்ன வயசுல" என்று எடுத்துவிட்டால் போதும், ஆளுக்கு ஒன்றைக் கொண்டுவந்து வைக்கிறீர்கள். பணம் வந்துவிட்டது என்று டீக்கடையில் ஊருக்கே கத்திச் சொன்ன பெட்டி, தலைகீழாகக் கவிழ்த்து வைத்த தண்ணீர் கேன், விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்த போன். நானும் என் பங்குக்கு நிறையச் சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டில் இருந்த ஆரஞ்சு நிறக் கயாக்கைப் பற்றி மட்டும் வாய் திறந்ததில்லை. அதை நினைத்தால் இந்த வயதிலும் எனக்குக் காது சூடாகிவிடுகிறது.

நாங்கள் முடிச்சூரில் பழைய குடும்பம். பழைய குடும்பம் என்றால் வேறொன்றுமில்லை, வயலை பிளாட் போட்டு விற்றவர்கள் என்று அர்த்தம். எங்கள் மொட்டைமாடியில் நின்றால் ஏரி தெரியும். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா காபி கொடுத்த கையோடு மாடிக்குக் கூட்டிப்போய், "இது நம்ம ஏரி" என்பார். வந்தவர்கள் பாதிப் பேர் எங்களிடம் மனை வாங்கியவர்கள், மீதிப் பேர் சொந்தக்காரர்கள். அதனால் யாரும் மறுத்துப் பேசியதில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. அக்கா என்னைவிடப் பதினாறு வயது பெரியவள், காட்டாங்குளத்தூரில் ஒரு காலேஜில் வேலை. அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையன்கள் எல்லோரும் பொழுதுபோக்கு என்ற இடத்தில் பாட்டு கேட்பது, புத்தகம் படிப்பது என்று ஒரே மாதிரி எழுதியிருக்க, ராஜகீழ்ப்பாக்கத்துப் பையன் ஒருவர் மட்டும் கயாக் ஓட்டுவது, அதில் போய் மீன் பிடிப்பது என்று எழுதியிருந்தார். "இன்னாங்க இது, படகு ஓட்றவனா?" என்று அம்மா உதட்டைச் சுழித்தாள். அப்பாவுக்கு அந்த ஒரு வரியிலேயே மனம் போய்விட்டது. ஜாதகமும் நல்லபடியாகப் பொருந்தியது. பையனின் அம்மா பள்ளிக்கூட டீச்சர், மரியாதையான குடும்பம். ஆவணியில் நிச்சயம் செய்து, தையில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

நிச்சயம் முடிந்த வேகத்தில் அப்பா கயாக் வாங்கிவிட்டார். கால் நீட்டி உட்காரும் ஒல்லிப் படகு, இரண்டு பேர் போகலாம். இரண்டு முனையிலும் பட்டையாக இருக்கும் ஒரே துடுப்பு. ஒரு சின்ன லாரியில் வந்து இறங்கியது. மாப்பிள்ளைக்குச் சீர் போல என்று பேசிக்கொண்டு தெருவே வேடிக்கை பார்த்தது.

"வெள்ளம் வந்தா இனிமே யாரையும் கெஞ்ச வேணாம் பாரு" என்றார் அப்பா.

அம்மா அதை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தாள். "ரெண்டு சீட்டுதான் கீது. நாம நாலு பேரு. யாரை வுட்டுட்டுப் போறதா உத்தேசம்?"

கார் நிற்க வேண்டிய இடத்தில் கயாக் படுத்தது, கார் தெருவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் மாப்பிள்ளை வந்து அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். முதல் பாடம் மொட்டைமாடித் தரையில். அப்பா கால் நீட்டி உட்கார்ந்து துடுப்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு காற்றைத் தள்ளினார். "அங்கிள், குழிஞ்ச பக்கம் உங்களைப் பாத்து இருக்கணும். கையால மட்டும் இழுக்காதீங்க, இடுப்புல இருந்து திரும்புங்க" என்றார் மாப்பிள்ளை. "இடுப்பு எங்க கீதுன்னு அவருக்கே தெரியாது தம்பி" என்றாள் அம்மா, வடாம் காயவைத்துக்கொண்டே. லைஃப் ஜாக்கெட்டின் பட்டை அப்பாவின் தொப்பைக்கு எட்டாமல், என் ஸ்கூல் பை வாரைச் சேர்த்துக் கட்டினார்கள்.

ஏரியில் இறங்கியதும், ஓட்டுவதற்கு முன்னால் கவிழப் பழக வேண்டும் என்று மாப்பிள்ளை பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். இடுப்பளவுத் தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ வேண்டும். பிறகு படகை நிமிர்த்தி, வயிற்றைக் குறுக்கே போட்டு, காலை உதைத்து, புரண்டு உட்கார வேண்டும். நான் இரண்டாவது தடவையிலேயே ஏறிவிட்டேன். அப்பா ஏறும்போதெல்லாம் படகு அவரையும் சேர்த்துக் கவிழ்ந்தது. ஆகாயத்தாமரைத் தண்டு காதில் தொங்க அவர் எழுந்து நிற்பார். கரையில் மாடு மேய்க்கிறவர்கள்கூட உட்கார்ந்துவிட்டார்கள். மாப்பிள்ளை மட்டும் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. "பரவால்ல அங்கிள், எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு" என்பார்.

எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. வாய் நிறைய அண்ணா, அண்ணா என்று கூப்பிட்டேன். அக்கா தலையில் குட்டினாள். "அவரு உனக்கு அண்ணன்னா எனக்கு இன்னாடி முறை?" என்றாள். இருந்தாலும் எனக்கு அண்ணாதான் வந்தது.

கார்த்திகை மாதத்துக்குள் அப்பா தேறிவிட்டார். கரையிலிருந்து மதகு வரை நேராகப் போய்த் திரும்பிவருவார். துடுப்பிலிருந்து வழியும் தண்ணீர் முழங்கை வரை ஓடி, முன்னால் உட்கார்ந்திருக்கும் என் முதுகில் சொட்டும். ஏரித் தண்ணீரில் பாசி நாற்றமும் பக்கத்து ஃபிளாட்டுகளின் சோப்பு நாற்றமும் கலந்து வரும். தலைக்கு மேல் ஏர்ஃபோர்ஸ் விமானங்கள் வட்டமடிக்கும். அந்தக் காலைகளில் என் அப்பாவைப் போல ஒரு அப்பா உலகத்திலேயே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓட்ட வந்ததும் அடுத்த ஆசை, மீன். தூண்டில் ராடு வாங்கிவிட்டார். மாப்பிள்ளை தயங்கினார்.

"இங்க வேணாம் அங்கிள். குத்தகை எடுத்திருக்காங்க. முட்டுக்காடு பக்கம் போலாம். நான் அங்கதான் பிடிப்பேன், பிடிச்சாலும் திருப்பி விட்டுடுவேன்."

"திருப்பி வுடறதுக்கு எதுக்குப்பா புடிக்கணும்?"

"அதில்ல அங்கிள், போர்டு வெச்சிருக்காங்க."

"எங்க தாத்தா வயலுக்குத் தண்ணி பாஞ்ச ஏரி இது. என்னைக் கேக்க எவனுக்கு தைரியம் கீது?"

"வயல் எங்கப்பா இருக்கு?" என்று நான் கேட்டேன். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன். அப்பா துடுப்பால் எதிர்க்கரையைக் காட்டினார். "அதோ, அந்த ஃபிளாட்டுக்குக் கீழ."

ஏரி மீன் குத்தகையை மகளிர் குழு ஒன்று எடுத்திருந்தது. எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த பெண்கள். முந்தின வருஷமே மீன்குஞ்சு வாங்கி விட்டு, தினமும் காலையில் தவிடும் புண்ணாக்கும் கரைத்துக் கொண்டுவந்து ஊற்றுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் வீடு திரும்பிய பிறகுதான் வருவார்கள். மீன் பிடிக்கக் கூடாது என்று கரையில் போர்டு நட்டதும் அவர்கள்தான். அந்த போர்டில்தான் அப்பா தன் துண்டைக் காயப்போடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை தண்ணீரில் இறங்கவில்லை. "நீங்க போய்ட்டு வாங்க அங்கிள்" என்று பேண்ட், ஷூவோடு கரையிலேயே நின்றுவிட்டார். நானும் அப்பாவும் போனோம். ஐஸ்கிரீம் டப்பாவில் கோதுமை மாவும் கடலை மாவும் பிசைந்த உருண்டைகள் என் மடியில் இருந்தன. மதகுக்குக் கொஞ்சம் முன்னால் அப்பா தூண்டில் போட்டார். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. எனக்குக் கொட்டாவி வந்தது. திடீரென்று ராடு வளைந்து தண்ணீரைத் தொட்டது. "மாட்டிக்கிச்சுடி!" என்று அப்பா கத்தினார். மீன் இழுத்த இழுப்பில் கயாக் பக்கவாட்டில் திரும்பியது. அப்பா சாய்ந்தார், படகும் சாய்ந்தது, டப்பா தண்ணீரில் போயிற்று. "சாயாதீங்க! ராடை இறக்குங்க!" என்று கரையிலிருந்து மாப்பிள்ளை கத்தினார். எப்படியோ கரைப் பக்கம் ஒதுங்கினோம். அவர் ஷூவோடு நெஞ்சளவுத் தண்ணீரில் இறங்கி, முன்கயிற்றைப் பிடித்து எங்களை இழுத்துவந்தார்.

கட்லா. தலையே என் தலை அளவு இருந்தது. அப்பா அதைத் தூக்கி மாப்பிள்ளை கையில் கொடுத்தார். "மாப்ள, இதப் புடி, நான் எறங்கிக்கறேன்." அவர் குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

அப்போதுதான் தவிட்டு வாளியோடு அந்தப் பெண்கள் வந்தார்கள்.

"டேய், இன்னாடா அது கையில?" என்றாள் குழுத் தலைவி. அப்புறம்தான் அப்பாவைப் பார்த்தாள். "அண்ணா, நீங்களா? இன்னாண்ணா இது?"

அப்பா டிராயரை இழுத்துவிட்டுக்கொண்டு கரையேறினார். அவர்கள் பக்கத்தில் போய் நின்று, எங்களைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை, அவ்வளவு கனிவாக இருந்தது.

"ஒண்ணுமில்லம்மா. நம்ம பெரிய பொண்ணுக்குப் பாத்திருக்கற பையன். ஊருக்குப் புதுசு. குத்தகை ஏரிப்பா, தூண்டில் போடாதன்னு படிச்சிப் படிச்சி சொன்னேன். கேக்கல."

"நீங்க இன்னா போட்ல வந்தீங்க?"

"கொழந்தை ஆசைப்பட்டுது, சும்மா ஒரு ரவுண்டு."

"போட்டு யாருது?"

அப்பா படகைத் திரும்பிப் பார்த்தார். "அதுவும் தம்பியோடதுதான்."

மாப்பிள்ளை அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு அது ஒரு விளையாட்டாகத் தெரிந்தது. என்ன சாமர்த்தியம் என் அப்பாவுக்கு என்று பூரித்துப்போய், மாப்பிள்ளையைப் பார்த்துக் கண்ணடித்தேன். அவர் கையிலிருந்த மீனைக் குனிந்து பார்த்துவிட்டு, "சாரிக்கா. தெரியாம பண்ணிட்டேன்" என்றார்.

"தெரியாமயா? இம்மாம் பெரிய போர்டு வெச்சிக்கீறோம், படிக்கத் தெரியாதா? பேன்ட் ஷர்ட்டு போட்டுக்கினு மீன் திருட வந்துட்டான்."

ஒருத்தி போனை எடுத்தாள். மீனைக் கையில் வைத்துக்கொண்டு, இனிமேல் இந்த ஏரியில் மீன் திருட மாட்டேன் என்று சொல்லச் சொன்னார்கள். அவர் சொன்னார். சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள், இன்னொரு தடவை சொன்னார். ஷூவிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. "வுட்டுடுங்கம்மா, சின்னப் பையன்" என்று அப்பா பக்கத்திலிருந்து சிபாரிசு செய்தார். அவர் துண்டு அந்த போர்டில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

கயாக்கை அவர்கள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். தம்பியுடையது என்று சொன்ன வாயால் அப்பா எப்படித் திருப்பிக் கேட்பார்? மறுநாளிலிருந்து அந்தப் பெண்கள் அதில் ஏறிப்போய் நடு ஏரியில் தவிடு ஊற்ற ஆரம்பித்தார்கள். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் பச்சைத் தண்ணீரில் ஆரஞ்சாகப் பளிச்சென்று தெரியும். அப்பா விருந்தாளிகளை மாடிக்குக் கூட்டிப்போவதை விட்டுவிட்டார்.

வீடியோ எங்கள் தெரு குரூப்புக்கு வந்தது. அங்கிருந்து சொந்தக்காரர்களுக்குப் போனது. பெரியப்பா போன் போட்டுக் குதித்தார். "வுடுண்ணா, வயசுப் பையன், நான் பேசிக்கறேன்" என்று அப்பா பெருந்தன்மையாகச் சொன்னார். என்ன நடந்தது என்று அக்கா போனில் கேட்டதற்கு மாப்பிள்ளையும், "என் தப்புதான், விடு" என்றுதான் சொல்லியிருக்கிறார். அப்பா எனக்கு ஒரு கோன் ஐஸ் வாங்கிக்கொடுத்து, "இது நம்ம ரெண்டு பேருக்குள்ள" என்றார். ரகசியம் என்றால் ஜெயித்த பிறகு சொல்லலாம் என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் தட்டு நிறையப் பழத்தோடு வந்தார்கள். மாப்பிள்ளை வரவில்லை. டீச்சரம்மா உட்காரவே இல்லை. நின்றபடியே அப்பாவைப் பார்த்துக் கைகூப்பினார்.

"எங்க பையனால உங்களுக்கு ஊர்ல தலைகுனிவு ஆயிடுச்சு. இவ்ளோ வருஷத்துல இப்படி ஒரு கெட்ட பேர் அவன் வாங்கினதில்ல. நீங்க மன்னிக்கணும். இதை மனசுல வெச்சுக்கிட்டு கல்யாணத்தை மட்டும் நிறுத்திடாதீங்க."

அப்பா அவரை உட்காரவைத்தார். "பரவால்லம்மா. நாம பெரியவங்க, நாமதானே பொறுத்துக்கணும்" என்றார்.

மன்னித்தே விட்டார்! இதைவிடப் பெரிய வெற்றி என்ன இருக்கிறது? எனக்குத் தாங்கவில்லை.

"ஆன்ட்டி, எங்கப்பா எவ்ளோ சூப்பரா எஸ்கேப் ஆனாரு தெரியுமா? மீனைப் பிடிச்சது அப்பாதான்! அண்ணா இறங்கவே இல்ல, எங்களை இழுக்கத்தான் வந்தாரு. அவங்க வந்ததும் அப்பா அப்படியே மாத்திட்டாரு. போட்டுகூட அண்ணாவோடதுன்னு சொல்லிட்டாரு. யாருக்குமே டவுட்டு வரல!"

எல்லோரும் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்தாள். அக்கா அப்பாவைப் பார்த்தாள்.

"கொழந்தை இன்னாத்தையோ ஒளறுது. போன்ல கண்டதையும் பாக்குது" என்று அப்பா சிரித்தார்.

"இல்லப்பா, நீங்கதானே..."

"வாய மூடு."

டீச்சரம்மா என் பக்கம் திரும்பினார். "என்ன கிளாஸ் கண்ணு படிக்கிற?" என்று கேட்டார். ஃபிப்த்து என்றேன். குடிக்காத காபியை ஸ்டூலில் வைத்துவிட்டு எழுந்தார். "நாங்க வரோம். பாப்பாவை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார்.

யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. கோன் ஐஸ் வாங்கித் தந்த அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் அக்கா அவர் எதிரில் போய் நின்றாள்.

"எந்த எடத்துல அவர் மேல போட்டீங்களோ, அதே எடத்துல போய், அது நான்தான்னு சொல்லிட்டு வாங்கப்பா. வேற ஒண்ணும் வேணாம். இதைச் செய்யுங்க, போதும்."

"சொல்றேன்" என்றார் அப்பா. மறுநாள் காலையில் வெள்ளை வேட்டி சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். அக்கா என்னையும் கூட அனுப்பினாள்.

கரையில் பெண்கள் வலை இழுத்துக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். தலைவி எங்களைப் பார்த்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "வாங்கண்ணா. நானே வூட்டாண்ட வரணும்னு இருந்தேன். அந்தத் தம்பி எப்பிடி கீது? வீடியோ எடுத்தது எங்களுக்கே மனசு கேக்கல. கல்யாணம் கில்யாணம் நின்னுடலயே?"

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல இடம் யாருக்கும் கிடைக்காது. அப்பா வாயைத் திறந்தார். நான் அண்ணாந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றார். பிறகு, "கட்லா இருக்கா?" என்றார்.

மீன் வாங்கிக்கொண்டு வந்தோம். பை ஒழுகி வெள்ளை வேட்டியில் ஒரு பக்கம் முழுக்க ஈரம். அக்கா கேட்டில் நின்றிருந்தாள். அவரைக் கேட்காமல் என்னைக் கேட்டாள். "சொன்னாரா?" நான் பையைத் தூக்கிக் காட்டினேன். அவள் அதை வாங்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அம்மா குழம்பு வைத்தாள். அப்பா ஒருத்தர்தான் சாப்பிட்டார், அதையும் சரியாகச் சாப்பிடவில்லை.

கல்யாணம் நிற்கவில்லை. மாடியில் அக்கா ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை சொன்னது காதில் விழுந்தது. "நான் கட்டிக்கப் போறது உன்னை. உங்கப்பாவை இல்ல."

தை மாதம், தாம்பரத்தில் மண்டபம். பெரிய மனிதர் என்ற பெயர் கெடாமல் இருக்க அப்பா அந்த மகளிர் குழுவையும் அழைத்திருந்தார். தலைவி பட்டுப் புடவையில் வந்து மேடையேறி, "இன்னா மாப்ள, மீன் புடிக்கக் கெளம்பலையா?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்துவைத்தார். அப்பா எல்லோரையும்விடக் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தார்.

தாலிக்கு முன்னால் மாப்பிள்ளைக்குப் பாத பூஜை. உங்களுக்குத் தெரியும், பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளையின் காலைத் தாம்பாளத்தில் வைத்து, பாலும் தண்ணீரும் ஊற்றிக் கழுவ வேண்டும். அம்மா சொம்பை வைத்துக்கொண்டு நின்றாள். துடைக்கப் புதுத் துண்டோடு நான் நின்றேன். அப்பா தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். அவர் அவ்வளவு சீக்கிரம் குனிந்து நான் பார்த்ததில்லை. முகத்தில் ஏதோ ஒரு நிம்மதி தெரிந்தது. வாயால் சொல்ல முடியாததைக் கையால் முடித்துவிடலாம் என்று அந்த நாளுக்காகவே காத்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. அம்மா அவர் கையில் தண்ணீர் ஊற்றினாள். ஈரக் கையை அவர் நீட்டினார்.

மாப்பிள்ளை இரண்டு காலையும் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வேணாம் அங்கிள்."

மாமா என்று கூப்பிடச் சொல்லி காலையிலிருந்து எல்லோரும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"இது முறைப்பா" என்றார் அப்பா, மெதுவாக.

"இருக்கட்டும். வேணாம்." சிரித்த முகமாகத்தான் சொன்னார்.

ஐயர் தடுமாறி, தண்ணீரைத் தாம்பாளத்தில் தெளித்து அடுத்த மந்திரத்துக்குப் போய்விட்டார். "பெரியவங்க தன் காலைத் தொடக் கூடாதாம்! இன்னா அடக்கம் பாரு!" என்று பெரியப்பா மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "தங்கமான பையன்" என்று தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லோரும் அவர் பணிவைப் புகழ்ந்தார்கள். மணையில் இருந்த அக்கா மட்டும் நிமிரவில்லை.

ஏரிக்கரையில் கண்ணடித்தபோதும் எனக்கு வெட்கம் வரவில்லை. டீச்சரம்மா காபியைக் குடிக்காமல் எழுந்தபோதும் வரவில்லை. அந்த மேடையில், அவ்வளவு பேர் பார்க்க, முதன்முதலாக வந்தது. அப்பாவுக்காகவா எனக்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. துடைக்க வேண்டிய கால் அங்கே இல்லை. என்ன செய்வது என்று புரியாமல் துண்டை அப்பாவிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கி, தலை நிமிராமல், ரொம்ப நேரம் தன் கையையே துடைத்துக்கொண்டிருந்தார்.